பொங்கு சோடா மருந்தில்லை என்று நான் சொன்னது

1

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தது ஐந்தாம் வகுப்புதான். மறதியும் சேர்ந்துகொண்டது. சொன்னதையே மறுபடி சொல்வேன், சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேன். கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருக்கும் என் தம்பி மகள் செல்வி, நம் பங்குக் கோயில் ஆண்டு மலருக்காக, “அத்தே, வெளிநாட்டுல எப்படி இருக்கீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க” என்று மூன்று தடவை போனில் கேட்டாள். பனி, ரயில், கடைத்தெரு என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு வரியும் வரவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், தேநீர் போட்டேன். கடைசியில் வந்தது இதுதான்.

மகள் ரோஸி இங்கிலாந்தில் நர்ஸ். பேத்தி அனிதா பிறந்தபோது ஆறு மாதத்துக்கு என்று வந்தேன். அனிதா படித்து முடித்து வேலைக்கும் போகிறாள். நான் இன்னும் இங்கேயே இருக்கிறேன்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளனே நெஞ்சு கரித்தது. முதல் நாள் சாப்பிட்ட புளிக்குழம்பு வேலையைக் காட்டிவிட்டது. ரோஸி பணிக்குப் போயிருந்தாள். டாக்டர் வீட்டு எண் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும். இங்கே டாக்டர் பார்க்கும் இடத்தை நான் டாக்டர் வீடு என்றுதான் சொல்வேன். போனை எடுத்த பெண் என்ன செய்கிறது என்று கேட்டாள். நெஞ்சு எரிகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த இரண்டு சொல்லையும் சேர்த்து, “ஹார்ட் ஃபயர்” என்றேன்.

“போனை வைக்காதீங்க” என்றாள் அவள். அவ்வளவுதான் எனக்கு விளங்கியது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆம்புலன்ஸ். இரண்டு ஆண்பிள்ளைகள் படுக்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நான் நைட்டியும் ஸ்வெட்டரும் காலுறையுமாக நிற்கிறேன். எதிர்வீட்டுக்காரி திரையை விலக்கிப் பார்க்கிறாள். “நோ, நோ, புளிக்குழம்பு” என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள்.

நெஞ்செரிச்சல் வெறும் நெஞ்செரிச்சல்தான். ஆனால் இருதயத் துடிப்பு தாளம் தப்புகிறது என்று ஒயர் மிஷினிலிருந்து வந்த காகிதத்தில் தெரிந்துவிட்டது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ரோஸி என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள்.

“பயப்படாதம்மா. ரத்தம் கட்டாம இருக்கிறதுக்கு ஒரு மாத்திரை தருவாங்க. தெனமும் போடணும்.”

நான் கைகளை மார்போடு சேர்த்துக்கொண்டேன். ரோஸி குளிர் என்று நினைத்துக் கம்பளியை இழுத்துப் போர்த்தினாள். அதே வாக்கியத்தை அறுபதுகளில், கொடைக்கானலில், என் வீட்டுக்காரரின் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ரோஸிக்கு அப்போது மூன்று வயது.

2

இந்த மாத்திரைக்கு ஒரு மஞ்சள் புத்தகம் உண்டு. ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று எண் போட்டு அதில் எழுதுவார்கள். பழுப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று மாத்திரையே நிறம் நிறமாக வரும். தினமும் மாலை ஆறு மணிக்குப் போட வேண்டும். நான் மணி ஐந்தரையிலிருந்தே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். போட்ட பிறகு போட்டேனா என்று சந்தேகம் வரும். போட்டவுடன் நாள்காட்டியில் ஒரு சிலுவை போட்டுவிடு என்று ரோஸி வழி சொன்னாள். இப்போது அந்த நாள்காட்டி கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கிறது.

முதல் மாதங்களில் எண் ஒழுங்காக நின்றது. பிறகு நெஞ்சு எரிச்சல் திரும்ப வந்தது. ரோஸி தனக்கு டாக்டர் எழுதித் தந்த வயிற்று மாத்திரையை எடுத்துக் கொடுத்து, “இதக் கொஞ்ச நாளைக்குக் காலையில போட்டுக்கம்மா” என்றாள். அவள் அவசரத்தில் இருந்தாள், கையில் கார் சாவி. நான் என் பங்குக்கு, செல்வி அனுப்பிய மலைப்பூண்டை எடுத்து, தினம் ஏழெட்டுப் பல் பாலில் வேகவைத்து மசித்துக் குடித்தேன். வாயுவுக்கும் நெஞ்சு கரிப்புக்கும் மலையில் நாம் எல்லாரும் செய்வதுதானே.

அடுத்த பரிசோதனையில் எண் ஏறிவிட்டது. ரத்தம் வேண்டியதற்கு மேல் இளகியிருந்தது. நர்ஸ், உயரமான வெள்ளைக்காரப் பெண், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, வேறு மருந்து ஏதாவது புதிதாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். என்னிடம் அல்ல, துணைக்கு வந்த அனிதாவிடம்.

அனிதா நல்ல பிள்ளை. எனக்காக அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். ஆனால் போனில் அவளுக்கு ஏதோ சோலி. நிமிராமல், “நோ” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “அம்மாச்சி, மருந்து வேற இல்லைல்ல?” என்றாள்.

நானும் தலையாட்டினேன். இல்லை என்று.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்தத் தலையாட்டல் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஒரு வாரம் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் இறங்குவேன். “என்னம்மா, வீட்டை அளக்கிறியா?” என்று ரோஸி கேலி செய்தாள்.

3

என் வீட்டுக்காரர் அந்தோணி. கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஒரு வெள்ளைக்காரப் பங்களாவில் சமையல்காரர். நான் அங்கே பிள்ளை பார்க்கும் ஆயா. கல்யாணம் ஆனதே அந்தச் சமையலறை வழியாகத்தான். அவர் முட்டையை அடித்துக் கேக் போட்டால் துரைசாணி வந்து வாசனை பிடித்துவிட்டுப் போவாள். வீட்டுக்கு வந்தால் மனிதர் ரசம் வைக்க மாட்டார். “கேக்கு என் சோலி, ரசம் ஒன் சோலி” என்பார்.

சின்ன வயதில் அவருக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து இருதயம் கெட்டிருந்தது. எங்களுக்கு அது தெரியாது. பங்களாவிலிருந்து கடைத்தெருவுக்கு ஏறும்போது மூச்சு வாங்கும். ஒரு நாள் பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். மலையிலே இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்தவர் நாகர்கோவில் பக்கத்து டாக்டரம்மா, ஒல்லியாக இருப்பார்கள், எல்லாரையும் ‘வாங்க, இருங்க’ என்றுதான் பேசுவார்கள். நிதானமாக எங்களுக்குச் சொன்னார்கள்.

“இருதயத்துல ஒரு கதவு சரியாத் தொறக்கல. அதனால ரத்தம் தேங்குது. தேங்கினா தயிர் மாதிரி ஒறஞ்சிரும். அந்தக் கட்டி தலைக்குப் போச்சுன்னா கை கால் விழுந்திரும். ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை தாரேன். மதுரைக்குப் போயி ரத்தம் பாத்துக்கிடணும். என்னைக் கேக்காம வேற எந்த மருந்தும் குடுக்கப்பிடாது, கேட்டீங்களா?”

“சரிங்கம்மா” என்றேன்.

சரி என்று சொன்னதோடு நிற்கவில்லை, நடந்தும் காட்டினேன். அவர் அக்கா அடுக்கம் ஊரிலிருந்து கொண்டுவந்த லேகியத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். “பொண்டாட்டி படிச்சவளாச்சே, டாக்டருக்கு மேல பேசுவா” என்று நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். கஷாயம் இல்லை, சூரணம் இல்லை. தலைவலித் தைலத்தைக்கூட எடுத்து ஒளித்துவைத்தேன். மாத்திரை தவறாமல் கொடுத்தேன். மாதா மாதம் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு, மதுரைக்கும் கூட்டிப்போனேன். அவர் மூச்சு சீரானது. மறுபடி கேக் போட்டார்.

அந்த வருஷம் துரைசாணி குடும்பம் ஊருக்குத் திரும்பியது. போகும்போது சாமான்களைப் பங்கு வைத்துக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு கம்பளி, இரண்டு பீங்கான் தட்டு, ஒரு நீல நிறத் தகர டப்பா. டப்பா நிறைய வட்ட மாத்திரைகள். தண்ணீரில் போட்டால் புசுபுசுவென்று பொங்கும். துரைசாணி விருந்து சாப்பிட்ட மறுநாள் அதைக் கண்ணாடித் தம்ளரில் போட்டுக் குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். “வயித்துக்கு குட், ஆயா” என்று தொட்டுக் காட்டித்தான் கொடுத்தாள். டப்பாவைச் சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து. எங்கள் வீட்டில் அதற்குப் பொங்கு சோடா என்று பெயர் வைத்தோம்.

சமையல்காரர்களுக்கு நெஞ்செரிச்சல் கூடப் பிறந்தது. எல்லாவற்றையும் ருசி பார்ப்பார்கள், நேரத்துக்குச் சாப்பிட மாட்டார்கள். புதிதாக வந்த துரை வீட்டிலும் அவருக்கு வேலை கூடுதல். வந்து உட்கார்ந்ததும், “ஏ புள்ள, பொங்கு சோடாவ வெரசா எடு. உள்ளுக்குள்ள அடுப்பு எரியுது” என்பார்.

“நாளெல்லாம் அடுப்புக்கிட்ட நின்னா அது உள்ளேயும்தான் எரியும்.”

“அப்ப ஒன் நாக்குக்கிட்ட நிக்கிற எனக்கு என்னென்ன எரியணும்?”

ரோஸிக்கு அது பொங்குவதைப் பார்க்கப் பிடிக்கும். தம்ளருக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொள்வாள், மூக்கில் தெறிக்கும், சிரிப்பாள். தினமும் ஒன்று. சில நாள் இரண்டு.

இதை எழுதும்போது எழுந்துபோய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைந்துதான் இருந்தது.

4

இரண்டு மாதம் போயிருக்கும். அவர் முகம் வெளுத்தது. வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாக இருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். ஈரல் சமைத்துக் கொடுத்தேனே, அதுதான் என்று நினைத்தேன். ஒரு காலையில் வாந்தியில் ரத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்கள். “வேற மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“இல்லீங்கம்மா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாட்டு மருந்து, பொடி, லேகியம்?”

“சத்தியமா இல்லீங்கம்மா. லேகியத்தத் திருப்பிக் குடுத்துட்டேன்.”

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் பேச்சில் மருந்து என்றால் கசக்கும். அதற்குப் பத்தியம் உண்டு. ஒருவர் பார்த்து அளந்து கொடுப்பார். தண்ணீரில் பொங்குவது, பிள்ளை பார்த்துச் சிரிப்பது, பீங்கான் தட்டோடு சேர்ந்து வந்தது எப்படி மருந்தாகும்? அது சாமான். டாக்டரம்மா நூறு மருந்துப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தாலும் எனக்கு அந்த டப்பா நினைவுக்கு வந்திருக்காது.

வேறு எதுவும் கொடுக்கவில்லை என்றால், ரத்தம் கசிவதற்கு அந்த ஒரு மாத்திரைதானே காரணமாக இருக்க முடியும்? டாக்டரம்மா அதை நிறுத்தினார்கள். “இவர் ஒடம்பு இதத் தாங்கல போல” என்று வருத்தத்தோடுதான் சொன்னார்கள். கறுப்பு நின்றது, வாந்தி நின்றது. கஞ்சி குடித்தார். நெஞ்செரிச்சல் பற்றி யாரும் பேசவில்லை.

நாலாம் நாள் வார்டு கூட்டுகிற அம்மா, பக்கத்துக் கட்டில்காரியோடு பேசிக்கொண்டிருந்தார். “இந்தாளுக்குத் தலவலி மாத்திரகூடக் குடுத்துராதீங்கன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. அது வயித்தப் புண்ணாக்கி ரத்தத்தக் கசிய விட்ருமாம்.”

அப்போதுதான் எனக்கு அது தட்டியது. துரைசாணி தலைவலிக்கும் அதையேதான் குடிப்பாள். நெற்றியைத் துணியால் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள், நான்தான் தம்ளரைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். தலைவலிக்கும் அதே டப்பா, வயிற்றுக்கும் அதே டப்பா.

வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வந்து நின்றேன். காட்டினால் போதும். டாக்டரம்மா படித்துப் பார்த்துவிடுவார்கள். தவறு மாத்திரையில் இல்லை, டப்பாவில் என்று தெரிந்தால் மறுபடி மாத்திரை கொடுப்பார்கள். இவ்வளவும் எனக்கு அன்றைக்கே புரிந்தது. புரியவில்லை என்று இங்கே எழுதினால் அது பொய்.

டாக்டரம்மா இன்னும் இரண்டு பேரோடு வேகமாக வந்தார்கள். என்னைப் பார்த்ததும் நின்றார்கள்.

“என்னம்மா? முந்தியில என்ன?”

சத்தியம் செய்திருந்தேனே. அந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“ஒண்ணுமில்லீங்கம்மா. சும்மா” என்றேன்.

“அந்தோணி நல்லா இருக்காரு. நீங்க போயி ஏதாச்சும் சாப்பிடுங்க” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று அன்று திரும்பினேன். மறுநாளும் அப்படித்தான். பிறகு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டப்பாவில் மிச்சமிருந்ததை ஓடையில் கொட்டினேன். தண்ணீர் முழுவதும் பொங்கியது.

ஆறு வாரம் இருக்கும். பங்களாச் சமையலறையில் முட்டை அடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கரண்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. டாக்டரம்மா முதலில் எச்சரித்தது எதுவோ அதுவே நடந்தது.

அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். பேச்சு குழறும். என் பெயர் மட்டும் தெளிவாக வரும். இடது கையால் தம்ளரைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். கேலியை விடவில்லை. நான் சோறு ஊட்டும்போது ரசத்தைக் காட்டி, கேக்கு எங்கே என்று கண்ணாலேயே கேட்பார். நான் அவரிடமும் சொல்லவில்லை.

5

அப்படிப்பட்டவள் இங்கே வந்து, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, நர்ஸ் முன்னால் மறுபடி தலையாட்டியிருக்கிறேன். பூண்டுப்பால் சாப்பாடு. ரோஸி கொடுத்தது ரோஸியின் மாத்திரை. இரண்டுமே எனக்கு மருந்தாகத் தோன்றவில்லை. மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ஒரு வாரம் கழித்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் டாக்டர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். இந்த ஊரில் தனியாகப் பஸ்ஸில் போனது அதுதான் இரண்டாவது தடவை. கைப்பையில் மஞ்சள் புத்தகம், வயிற்று மாத்திரை அட்டை, ஒரு முழுப் பூண்டு. முன் மேசைப் பெண் நேரம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். உட்காரச் சொன்னாள். கூப்பிடவே இல்லை. இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போனேன். இரண்டாவது தடவை கதவில் கை வைத்தும்விட்டேன். அந்தத் தாழ்வாரம்தான் கண் முன்னால் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அந்த உயரமான நர்ஸே வெளியே வந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து, பையிலிருந்ததை எல்லாம் முன் மேசையில் வைத்தேன். பூண்டு உருண்டு ஓடப் பார்த்தது, பிடித்தேன்.

“மேடம், பேத்தி நோ சொன்னது. நான் எஸ்” என்றேன்.

அவள் என்னை உள்ளே கூட்டிப்போனாள். அட்டையைப் படித்தாள். பூண்டை முகர்ந்து பார்த்துக் கண்ணை அகல விரித்தாள். எத்தனை என்று விரல் காட்டிக் கேட்டாள். எட்டு விரல் காட்டினேன். தினமுமா என்றாள். எஸ் என்றேன். பிறகு போனில் தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்புக்காரரைப் பிடித்து, மெதுவாக எல்லாம் சொல்லவைத்தாள். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

வயிற்று மாத்திரையை ரத்த மாத்திரையோடு சேர்த்துத் தருவது உண்டு. சில பேருக்கு வயிற்றைக் காப்பாற்றவே தருவார்கள். ஆனால் எல்லா வயிற்று மாத்திரையும் எல்லா ரத்த மாத்திரையோடும் ஒத்துப்போகாது. சேர்ந்தால் எண் மாறலாம். அதனால் ஆரம்பித்தாலும் சொல்ல வேண்டும், நிறுத்தினாலும் சொல்ல வேண்டும், அவர்கள் சீக்கிரம் ரத்தம் பார்ப்பார்கள். இன்னொருவருடைய மாத்திரையை எடுத்துப் போடக் கூடாது, அது மகள் தந்தாலும் சரி. குழம்பில் பூண்டு போடலாம், தினம் எட்டுப் பல் பாலில் குடிப்பது வேறு கதை. பொங்குகிற மாத்திரை, பொங்குகிற பொடி எதையும் காட்டாமல் குடிக்கக் கூடாது, சிலதில் தலைவலி மருந்து கலந்திருக்கும். வெளிக்குப் போவது கறுப்பாக இருந்தால், ரத்த வாந்தி வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது. ரத்த மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது.

சிலதில் தலைவலி மருந்து கலந்திருக்கும் என்று போனில் அந்த மனிதர் சொன்னபோது நான், “இன்னொருக்கா சொல்லுங்க தம்பி” என்றேன். அவர் சொன்னார். மறுபடி கேட்டேன். மூன்று தடவை சொன்னார், பாவம்.

எனக்கென்று வேறு வயிற்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எண் இரண்டு வாரத்தில் இறங்கிவிட்டது. ரோஸிக்குத் தெரிந்தபோது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். “நான் நர்ஸும்மா. நானே இப்படிப் பண்ணிட்டேன். எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்று அழுதாள். அப்போதுகூட நான் அவள் அப்பாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் மூக்கில் தெறித்துச் சிரித்தது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ரோஸிக்குத் தமிழ் படிக்க வரும், மெதுவாக. மலர் தபாலில் வந்தால் என் பெயரைத் தேடிப் படிப்பாள். அதற்காகத்தான் இதை இங்கே எழுதுகிறேன். நேரே சொல்ல எனக்கு வராது.

6

செல்வி, உனக்கு ஒரு வேலை. நான் எழுதிய மருந்து விவரமெல்லாம் போனில் கேட்டது. விவரம் தெரிந்த ஒரு டாக்டரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ காட்டி, தவறு இருந்தால் திருத்திய பிறகு அச்சுக்குக் கொடு. யாரும் என் எழுத்தை நம்பி எதையும் சாப்பிடவோ நிறுத்தவோ வேண்டாம். அவரவர் டாக்டரிடம் சமையலறையில் இருப்பது வரைக்கும் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. உன் வீட்டில், என் பழைய டிரங்குப் பெட்டியில், கம்பளிக்கு அடியில் அந்த நீல டப்பா இருக்கும். ஊசி நூல் போட்டு வைத்திருந்தேன். இருபத்தைந்து வருஷமாக இங்கிலீஷ் பேசுகிற ஊரில் நர்ஸ் மகளோடு இருக்கிறேன். அதைக் கொண்டுவந்து ஒரு தடவை படிக்கச் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றேதான் அங்கே விட்டுவிட்டு வந்தேன். எல்லாப் பொங்கு மாத்திரையிலும் அந்தத் தலைவலி மருந்து இல்லை என்கிறார்கள். இதில் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் இருப்பதில்தான் இத்தனை வருஷம் காலம் தள்ளியிருக்கிறேன்.

எடுத்துத் துடைத்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஓர் எழுத்து விடாமல் படித்துச் சொல். போனை ரோஸி எடுத்தால் அவளிடமே படித்துக் காட்டு. துரு தின்று எழுத்து போயிருந்தால், போய்விட்டது என்று சொல். எனக்காக எதையும் மாற்றிச் சொல்லாதே.